எழுமாற்று அல்கோரிதம் கட்டாயம் முடிவுக்குப் போய்ச் சேருமா? கணித நிறுவல் எழுதப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து கணினி விஞ்ஞானம் படிக்கப் போன பிள்ளைகள், இறுதியாண்டுச் செயற்றிட்டம் என்று வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன், ஒரே பதிலை ஆளுக்கொரு குரல் பதிவாக அனுப்பி அலுத்துப்போச்சு. உயர்தர இணைந்த கணிதத்தில் நிகழ்தகவும் தொடர்களும் படித்திருந்தால் முக்கால்வாசி புரியும். உதாரணத்துக்கு ஒரே கதைதான்: தேயிலை மலைச்சரிவில் ஆங்காங்கே நட்ட மழைமானிக் கருவிகள், எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல, தனி இலக்கம் கிடையாது, ரேடியோவில் பேசிக்கொள்ளும், தங்களுக்குள் ஒன்றைத் தலைவனாகத் தெரிந்தெடுத்து அதன் வழியாகக் கீழே அலுவலகத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

நாம் எதைத்தான் நிறுவுகிறோம்?

மலையகப் புகையிரதப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். றம்புக்கனைக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம். ஒரு துண்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம் என்பதற்காக நிலைய அதிபர் கையில் கொடுக்கும் டேப்லட் என்ற அனுமதி வில்லை வந்தால்தான் சாரதி வண்டியை எடுப்பார். இரண்டு ரயில் ஒரே துண்டில் எதிர்ப்படாது என்பது ஒருவகை உறுதி, ரயில் என்றைக்காவது பதுளை போய்ச் சேரும் என்பது இன்னொரு வகை. எல்லா ரயிலையும் நிறுத்திவைத்துவிட்டால் முதல் உறுதி நூற்றுக்கு நூறு நிறைவேறிவிடும், ஆனால் யாரும் பதுளைக்குப் போகமாட்டார்கள். இந்த இரண்டையும் லாம்போர்ட் 1977இல் பிரித்துப் பேசினார், 1985இல் ஆல்பர்னும் ஷ்னைடரும் இரண்டாவதற்குச் சரியான வரைவிலக்கணம் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் முழுக்க இரண்டாவது வகையைப் பற்றித்தான், அதுவும் நாணயம் சுண்டி முடிவெடுக்கும் எழுமாற்று நிரல்களில்.

எதற்கு நாணயம்? சாதாரணமாக எழுதிவிட முடியாதா?

முடியாது, அதை நிறுவியே வைத்திருக்கிறார்கள். ஒன்றுபோலான கருவிகள், ஒரே நிரல், ஒரே தொடக்க நிலை, எல்லாம் ஒரே தாளத்தில் ஓடுகின்றன என்றால் முதல் படிக்குப் பிறகும் எல்லாம் ஒரே நிலையில்தான் இருக்கும், இரண்டாவதற்குப் பிறகும் அப்படியே, தொகுத்தறிவு முறையில் காலாகாலத்துக்கும் அப்படியே. ஒன்று "நான்தான் தலைவன்" என்றால் அதே கணத்தில் எல்லாமே அப்படிச் சொல்லும். டேனா ஆங்க்ளூயின் 1980இல் காட்டியது இதைத்தான். நாணயம் சுண்டினால் இந்தச் சமச்சீர் உடையும், 1981இல் இட்டாயும் ரோடேயும் வளையமாக இணைந்த கருவிகளுக்கு அப்படி ஒரு அல்கோரிதம் கொடுத்தார்கள்.

விநியோகிக்கப்பட்ட கணினிகள் ஒரு முடிவுக்கு உடன்படும் பிரச்சினையிலும் இதே கதை. ஒரேயொரு கணினி செத்துப்போகக்கூடும் என்றாலே, செய்தி எப்போது வந்து சேரும் என்று தெரியாத வலையமைப்பில், நாணயம் இல்லாத எந்த அல்கோரிதமும் எப்போதும் முடிவுக்கு வரும் என்று உறுதி தர முடியாது என ஃபிஷர், லிஞ்ச், பாட்டர்சன் மூவரும் நிறுவினார்கள் (1983இல் மாநாட்டில், 1985இல் சஞ்சிகையில்). அதே 1983இல் பென்-ஓர் நாணயம் சுண்டி அந்தச் சுவரைச் சுற்றிப் போனார்.

சேர், நிகழ்தகவு 1 என்றால் நிச்சயம் என்றுதானே அர்த்தம்?

கிட்டத்தட்ட, ஆனால் முழுசாக இல்லை. நாணயத்தை முடிவில்லாமல் சுண்டினால் எல்லாமே பூவாக விழும் ஒரு வரிசை இருக்கத்தான் செய்கிறது, யாரும் அதைத் தடைசெய்யவில்லை, அதன் நிகழ்தகவு 0, அவ்வளவுதான். அதனால் "எந்த ஓட்டத்திலும் முடியும்" என்று எழுதினால் பரீட்சகர் சிவப்பு மையை எடுப்பார். "நிகழ்தகவு 1 உடன் முடியும்" என்று எழுதுங்கள். அதோடு, எப்போது முடியும் என்பதைப் பற்றி அது ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

சரி, நிறுவலை எங்கே தொடங்குவது?

இரண்டு கருவியோடு. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டும் நாணயம் சுண்டுகின்றன, ஒன்றுக்குத் தலை, மற்றதுக்குப் பூ என்றால் தலை விழுந்தது தலைவன். ஒரே பக்கம் விழுந்தால் திரும்பச் சுண்ட வேண்டும். ஒரு சுற்றில் தீர்வதற்கான வாய்ப்பு 1/2. 10 சுற்றுக்குப் பிறகும் தீராமல் இருக்க வாய்ப்பு 1/1024, 20 சுற்றுக்குப் பிறகு பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு, சுற்று கூடக்கூட அது 0ஐ நோக்கிப் போகிறது. முடிந்தது நிறுவல். இதில் உண்மையாக வேலை செய்த பாகம் எது என்று பாருங்கள்: எந்த நிலையில் இருந்தாலும், எத்தனை தடவை தோற்றிருந்தாலும், அடுத்த சுற்றில் இலக்கை அடைய குறைந்தது ஒரு குறிப்பிட்ட அளவு வாய்ப்பு இருக்கிறது. அந்த அளவை எப்சிலன் என்போம். அது இங்கே 1/2, சுற்றுக்குச் சுற்று மாறவே இல்லை.

இனி நிறையக் கருவிகள். விதி இதுதான்: தலை விழுந்தவை போட்டியில் நிற்கும், பூ விழுந்தவை விலகும், ஒன்றுக்குக்கூடத் தலை விழாவிட்டால் அந்தச் சுற்று செல்லாது. போட்டியில் நிற்பவற்றின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒருநாளும் அதிகரிக்காது. எல்லாவற்றுக்கும் தலை, அல்லது எல்லாவற்றுக்கும் பூ என்றால் மட்டும்தான் அது அப்படியே நிற்கும். இரண்டு கருவியென்றால் அதற்கு வாய்ப்பு 1/2, மூன்றென்றால் 1/4, கூடக்கூட இன்னும் குறைவு. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது 1/2 வாய்ப்பில் எண்ணிக்கை இறங்கும், ஏறவே ஏறாது, 1க்கு வந்ததும் தலைவன் கிடைத்தாயிற்று. சராசரியாக எத்தனை சுற்று? ஒரு இறக்கத்துக்கு அதிகபட்சம் சராசரி 2 சுற்று, ஆகவே 3 கருவிக்கு 4ஐத் தாண்டாது. சரியான விடை 7/3. அதைக் கையால் போட்டுப் பாருங்கள், அரைப் பக்கம்கூட வராது: மூன்றில் ஒன்றுக்கு மட்டும் தலை விழ 3/8, இரண்டுக்கு விழ 3/8, பழையபடி நிற்க 2/8, இரண்டு கருவிக்கான சராசரி 2 என்பது தெரியும், அவ்வளவுதான் சமன்பாடு. 4 எங்கே, 7/3 எங்கே என்று கேட்காதீர்கள். நிறுவலுக்கு முரட்டு எல்லை போதும்.

எப்சிலன் ஒவ்வொரு தடவையும் பூச்சியத்தை விடப் பெரிதாக இருந்தால் போதாதா? ஏன் மாறாத அளவு வேண்டும் என்கிறீர்கள்?

எனக்கு வரும் வரைவுகளில் பத்தில் ஒன்பது விழும் குழி இதுதான். "ஒவ்வொரு முயற்சியிலும் வாய்ப்பு இருக்கிறது, ஆகவே ஒருநாள் வெற்றி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கருவி கொஞ்சம் கூடுதலாகத் தயங்குகிறது என்று வைப்போம். முதல் முயற்சியில் வெற்றி வாய்ப்பு 1/4, அடுத்ததில் 1/9, பிறகு 1/16, 1/25. ஒன்றுகூடப் பூச்சியம் இல்லை. தொடர்ந்து தோற்பதற்கான நிகழ்தகவு 3/4, பெருக்கு 8/9, பெருக்கு 15/16, பெருக்கு 24/25 என்று போகும். ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பாருங்கள்: 3/4, 2/3, 5/8, 3/5. மேலும் கீழும் வெட்டிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கிறது? 1/2இல். உயர்தரத்தில் தொடர்களைக் கூட்டும்போது நடுவிலுள்ள உறுப்புகள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போகுமே, அதே வித்தை, இங்கே பெருக்கத்தில். ஆக, நித்தமும் நம்பிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும் இந்தக் கருவி அரைவாசி வாய்ப்பில் ஒருநாளும் வெற்றி பெறாது.

இப்போது வாய்ப்பை 1/2, 1/3, 1/4, 1/5 என்று சுருக்குங்கள். தோல்வி 1/2 பெருக்கு 2/3 பெருக்கு 3/4. வெட்டினால் 99 முயற்சிக்குப் பிறகு 1/100, 999க்குப் பிறகு 1/1000, கடைசியில் 0. எனவே இது நிகழ்தகவு 1 உடன் முடியும். ஆனால் சராசரி முயற்சி எத்தனை என்று கணக்கிட்டால் 1 + 1/2 + 1/3 + 1/4 என்று அந்தப் பிரபலமான தொடர் வந்து நிற்கும், அது முடிவிலி. கட்டாயம் முடியும், சராசரியோ முடிவிலி, இரண்டும் ஒரே நிரலுக்கு உண்மை. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இது ஏதோ ஏமாற்று வேலை மாதிரித்தான் இருக்கும், இருந்தாலும் கணக்கு சரி.

எனவே எப்சிலன் சுருங்கினால் கதை முடிந்தது என்றும் இல்லை, சுருங்கினாலும் பரவாயில்லை என்றும் இல்லை, எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று கணக்குப் போட்டே ஆகவேண்டும். சுருங்காத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. யாராவது நிறுவல் காட்டினால் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

பத்து இலட்சம் தடவை ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் முடிந்தது. போதாதா அண்ணா?

முடிவதற்கான நிகழ்தகவு 1ஆ, 1இலிருந்து கோடியில் ஒரு பங்கு குறைவா என்பதை அந்த ஓட்டங்கள் பிரித்துக் காட்டாது. முடியாத ஓட்டம் ஒன்று வந்தாலும் அது முடியாததா, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் முடியுமா என்று திரையைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஓட்டிப் பார்ப்பது பிழை கண்டுபிடிக்க நல்லது, கட்டாயம் செய்யுங்கள்.

எண்ணிக்கை சிலவேளை கூடவும் செய்கிறது. அப்போது என்ன செய்வது?

அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய செய்திகள் தலைவனிடம் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு படியிலும் 0.6 வாய்ப்பில் ஒன்று போய்விடும், 0.4 வாய்ப்பில் புதிதாக ஒன்று சேரும். வரிசை காலியாகுமா? இங்கே ஒவ்வொரு படியும் இறங்கும் என்று சொல்ல முடியாது, சராசரியாக இறங்கும் என்றுதான் சொல்லலாம், படிக்கு 0.2. பத்துச் செய்தி நின்றால் காலியாகச் சராசரி 10 வகுத்தல் 0.2, அதாவது 50 படி. பூச்சியத்துக்குக் கீழே போகாத ஒரு அளவு, இலக்கை அடையும்வரை சராசரியாகக் குறிப்பிட்ட அளவாவது குறைந்துகொண்டே வந்தால், நிரல் நிகழ்தகவு 1 உடன் முடியும், சராசரி நேரமும் முடிவுள்ளது. கணிதத்தில் ஃபொஸ்டர் 1953இலேயே இதைச் சொல்லிவிட்டார். நிரல்களுக்கு இதைச் சூப்பர்மார்ட்டிங்கேல் என்ற பெயரோடு 2013இல் கொண்டுவந்தவர்கள் சக்கரோவும் சங்கரநாராயணனும்.

கூடுவதும் குறைவதும் சரிபாதி என்றால் இந்த விதி கையை விரித்துவிடும், ஏனென்றால் சராசரி இறக்கம் 0. ஆனாலும் வரிசை நிகழ்தகவு 1 உடன் காலியாகும், சராசரி நேரம்தான் முடிவிலி. இதற்குப் பொருந்தும் விதி ஒன்றை மக்கைவர், மோர்கன், கமின்ஸ்கி, கட்டோன் நால்வரும் 2018இல் கொடுத்தார்கள்: அளவு சராசரியாகக் கூடக்கூடாது, அதோடு அது எந்த உயரத்தில் நின்றாலும் குறிப்பிட்ட வாய்ப்பில் குறிப்பிட்ட தூரம் இறங்க வேண்டும், அந்த வாய்ப்பும் தூரமும் உயரம் கூடும்போது மெலியலாம், ஆனால் உயரத்தை மட்டும் சார்ந்திருக்க வேண்டும். மேலே பார்த்த தயங்கும் கருவியில் சுருக்கம் முயற்சி எண்ணைச் சார்ந்திருந்தது, அதுதான் வித்தியாசம்.

உள்ளுணர்வை இந்த இடத்தில் நம்பவே வேண்டாம். ஒரு கோட்டில் எழுமாறாக நடப்பவன் புறப்பட்ட இடத்துக்கு நிகழ்தகவு 1 உடன் திரும்புவான், சதுரக் கட்டங்களில் நடப்பவனும் திரும்புவான், முப்பரிமாணத்தில் நடப்பவன் திரும்ப சுமார் 34 வீதம்தான் வாய்ப்பு. பொல்யா 1921இல் வெளியிட்ட தேற்றம் இதற்கு அடிப்படை.

கருவிகள் ஒரே தாளத்தில் ஓடாவிட்டால்?

அப்போது யார் எப்போது ஓடுகிறார் என்பதை ஒரு எதிரி தீர்மானிக்கிறான் என்று வைத்துத்தான் நிறுவ வேண்டும். ஒரு சின்ன உதாரணம். முதல் கருவிக்கு முறை வரும்போதெல்லாம் அது நாணயம் சுண்டும், தலை விழுந்தால் செய்தி அனுப்பும். இரண்டாவது கருவி ஒரு முறைக்கு விழிக்கும், அடுத்த முறைக்குத் தூங்கும், திரும்ப விழிக்கும். இலக்கு, விழித்திருக்கும் நேரத்தில் செய்தி கிடைப்பது. எதிரி இப்படி ஓட்டுகிறான்: இரண்டாவதை விழிக்கவிடு, தூங்கவிடு, பிறகு முதலாவதைச் சுண்டவிடு, திரும்ப ஆரம்பி. இரண்டு கருவிக்கும் முடிவில்லாமல் முறை கிடைக்கிறது, ஒருவரையும் பட்டினி போடவில்லை, ஆனால் ஒரு தலைகூடப் பயன்படாது. மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் இது நிமிடத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் உங்கள் மேசையில் எதிரி இல்லை. அதனால் "நல்ல பாதை ஒன்று இருக்கிறது" என்று காட்டினால் போதாது, எதிரி எந்தப் பாதையில் இழுத்தாலும் எப்சிலன் மிச்சமிருக்கிறது என்று காட்ட வேண்டும்.

கொஞ்சம் ஆறுதலான செய்தியும் இருக்கிறது. நிலைகள் முடிவுள்ள எண்ணிக்கையில் இருந்தால் நாணயம் 1/2ஆ 1/100ஆ என்பது நிகழ்தகவு 1 என்ற கேள்விக்குப் பொருட்டே இல்லை, பூச்சியமா இல்லையா என்பது மட்டும் போதும், ஆகவே அது எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்ற வெறும் வரைபுக் கேள்வியாகிவிடும். ஹார்ட், ஷரீர், நுவேலி மூவரும் 1983இல் இதை எதிரியோடு சேர்த்தே செய்தார்கள்.

டேப்லட் இரண்டு மூன்றாகிவிட்டால்?

நல்ல கேள்வி, ஹெர்மன் 1990இல் கேட்டதும் இதுதான். வளையத்தில் ஒற்றை எண்ணிக்கையில் கருவிகள், ஒவ்வொன்றிடமும் 0 அல்லது 1. இடப்பக்கத்துக் கருவியின் இலக்கமும் தன் இலக்கமும் ஒன்றென்றால் அதனிடம் டோக்கன், அதாவது நம் டேப்லட், இருக்கிறது. டோக்கன் இருப்பது நாணயம் சுண்டிப் புது இலக்கம் எடுக்கும், இல்லாதது இடப்பக்கத்து இலக்கத்தைப் பிரதி எடுக்கும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு டோக்கனும் 1/2 வாய்ப்பில் நகரும், இரண்டு மோதினால் இரண்டும் மறையும், எண்ணிக்கை எப்போதும் ஒற்றையாகவே இருப்பதால் கடைசி ஒன்று சாகாது. எந்தக் குழப்பத்திலிருந்து தொடங்கினாலும் நிகழ்தகவு 1 உடன் ஒரே டோக்கனுக்கு வந்துவிடும். மிக மோசமான சராசரி நேரம், கருவி எண்ணிக்கையின் வர்க்கத்தை 4ஆல் பெருக்கி 27ஆல் வகுத்ததைத் தாண்டாது என்று மக்கைவரும் மோர்கனும் ஊகித்தார்கள், வருடங்கள் கழித்து அது நிறுவப்பட்டது. 3 கருவிக்கு 4/3. எட்டுச் சேர்மானத்தில் இரண்டில்தான் மூன்று டோக்கனும் தப்பும் என்பதை வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

எந்த மென்பொருளைப் பிடிப்பது?

கருவி எண்ணிக்கை 5, 7 என்று நிலையாக இருந்தால் பிரிசம் என்ற மாடல் செக்கர். நிரலைக் கொடுத்து, தலைவன் கிடைக்கும் நிகழ்தகவு 1ஆ என்று கேட்டால் எல்லா நிலைகளையும் துழாவிப் பதில் தரும், எதிரியையும் கணக்கில் எடுக்கும். எந்த எண்ணிக்கைக்கும் பொதுவாக வேண்டுமென்றால் ஐசபெல், ரொக் (முன்பு கொக் என்ற பெயர்), லீன் மாதிரி, நாம் எழுதும் நிறுவலை வரிவரியாகச் சரிபார்க்கும் நிறுவல் உதவியாளர் மென்பொருள்கள்தான் வழி; ஜோ ஹர்ட் 2002இல் கேம்பிரிட்ஜில் தன் கலாநிதிப் பட்டத்துக்கு எழுமாற்று அல்கோரிதங்களை இப்படி இயந்திரத்தில் நிறுவிக் காட்டினார். முதலில் 3, 5 கருவிக்குப் பிரிசத்தில் பாருங்கள், பிறகு தாளில் எழுதுங்கள், அப்புறம்தான் லீனுக்குப் போங்கள். தாளில் நிற்காத நிறுவலை லீனில் நிறுத்தப் பார்த்து ஒரு பருவத்தையே தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்லா நிரலுக்கும் கணினியே சொல்லிவிடாதா?

சொல்லாது. நாணயம் இல்லாத நிரல் நிற்குமா என்பதையே பொதுவாகத் தீர்க்க முடியாது என்று டியூரிங் 1936இல் காட்டிவிட்டார். நிகழ்தகவு 1 உடன் முடியுமா என்பது அதையும் விடக் கடினம் என்பது கமின்ஸ்கியும் கட்டோனும் 2015இல் காட்டியது.

நிறுவல் சரி, மலையில் வைத்த கருவி மட்டும் சண்டித்தனம் செய்கிறது. ஏன்?

மின்சாரம் போய் வந்ததா என்று பாருங்கள். நம் பக்கம் பின்னேரம் இடி இடித்தால் மின்சாரம் போவது புதிதா? ஆர்டுயினோ மாதிரிச் சின்னக் கணினிப் பலகையில் எழுமாற்று எண்ணுக்குத் தொடக்க விதை (எண் வரிசை எங்கே தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) கொடுக்காவிட்டால் ஒவ்வொரு தடவை உயிர்பெறும்போதும் அதே எண் வரிசைதான் வரும். ஒரே மின்கம்பியில் இருக்கும் இரண்டு பலகை ஒரே கணத்தில் எழும்பினால் ஒன்று தலை சுண்டும்போது மற்றதும் தலை, ஒன்று பூ என்றால் மற்றதும் பூ, விடியவிடிய அப்படியே. ஆங்க்ளூயினின் சமச்சீர் வாசல்வழியே திரும்ப வந்துவிட்டது. நிறுவலில் "இரண்டு நாணயமும் ஒன்றையொன்று சாராதவை" என்று ஒரு எடுகோள் இருந்தது, அது உடைந்துபோனது. இணைக்காத ஊசியின் மின்னழுத்தத்தை வாசித்து விதையாகக் கொடுப்பது வழக்கமான வைத்தியம், ஆனால் அதுவும் இரண்டு பலகையில் ஒரே எண்ணைத் தந்துவிடலாம். பலகைக்கொரு தொடர் இலக்கம் இருந்தால் அதையும் சேர்த்துக் கலந்துவிடுங்கள். இலக்கம் இருந்தால் நாணயமே எதற்கு என்று கேட்கிறீர்களா, நியாயம்தான், பல இடங்களில் தேவையில்லை.

ஆய்வேட்டில் தேற்றத்தை எப்படி எழுதுவது?

எடுகோள்களை முதலில் போடுங்கள்: எத்தனை கருவி, அந்த எண்ணிக்கை கருவிகளுக்குத் தெரியுமா, செய்தி தொலையுமா, யார் ஓடுவது என்பதை முடிவு செய்யும் எதிரி நாணயத்தைப் பார்க்கலாமா, எல்லோருக்கும் முறை கொடுக்கக் கட்டுப்பட்டவனா, நாணயங்கள் சாராதவையா. பிறகு அளவு எது, அது எந்த எப்சிலனோடு இறங்குகிறது. அதன்பிறகே "நிகழ்தகவு 1 உடன்" என்ற வாக்கியம். சராசரி நேரம் முடிவுள்ளதா என்று தனி வரியில் எழுதுங்கள், அது தானாக வராது என்பதை மேலே பார்த்தோம்.

கள நிரலில் முயற்சிகளுக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கணினிகளைக் கம்பியால் இணைக்கும் பழைய ஈதர்நெட்கூட இரண்டு கணினி ஒரே நேரத்தில் அனுப்பி மோதல் வந்தால் எழுமாறாகக் காத்திருந்து திரும்ப முயலும், 16 தடவைக்குப் பிறகு கைவிட்டுவிடும், அந்த நிரலுக்கு "நிகழ்தகவு 1" தேற்றம் பொருந்தாது. அங்கே நிறுவ வேண்டியது 16 முயற்சிக்குள் தோற்கும் நிகழ்தகவுக்கு ஒரு எல்லை, இரண்டு கருவி நாணயக் கதையில் அது 1/65536.